ரியாத் வெயிலா, மஸ்கட் புழுக்கமா? வளைகுடா கிளம்பும் முன் சில குறிப்புகள்

வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு வீட்டுக்கு விசா வந்தால் முதலில் சம்பளம், அடுத்து ஏஜென்ட் கமிஷன் என்றுதான் பேச்சு ஓடும். எந்த ஊர் என்ற கேள்வி கடைசியில் வரும். குடும்பத்தோடு போய் வருடக்கணக்கில் இருக்கப்போகிறவர்கள் அதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

1. நாட்டின் பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சவூதி முழுக்க மணல்காடு இல்லை. ரியாத் கடலிலிருந்து ஏறக்குறைய 400 கி.மீ. உள்ளே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜித்தா செங்கடல் கரையில், தம்மாம் வளைகுடாக் கரையில். அமீரகத்திலும் துபாய் கடலோரம், அல் ஐன் உள்நாடு. வேலை எந்த ஊரில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. டிகிரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ரியாத்தில் பகல் வெயில் 43 டிகிரியைத் தொடும். துபாயில் ஓரிரண்டு டிகிரி குறைவு. ஆனால் காற்றில் ஈரம் எவ்வளவு என்பதுதான் பெரிய வித்தியாசம். ரியாத்தில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். நிழலில் ஒதுங்கினால் உடம்பு ஆறும். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. சட்டை நனையாததால் வியர்ப்பதே தெரியாது; மாலையில் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும்போதுதான் எவ்வளவு நீர் போனது என்று புரியும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும். கடலோரத்திலோ வியர்வை காயாமல் வழியும், நிழலுக்குப் போனாலும் புழுக்கம் விடாது. நம் ஊரில் கத்திரி வெயிலின்போது கடல்காற்று வராத நாளில் என்ன பாடுபடுகிறோமோ, அது அங்கே வாரக்கணக்கில் நீளும்.

3. இரவைப் பற்றிக் கேளுங்கள். அங்கே இருப்பவர்களிடம் "பகலில் எவ்வளவு வெயில்?" என்று கேட்பதைவிட, "ஜூன் மாதம் ராத்திரி ஏசி இல்லாமல் தூங்க முடியுமா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். மஸ்கட்டை அடுத்த கடலோர ஊரான குரியாத்தில் 2018 ஜூனில் ஒரு நாள், 24 மணி நேரமும் வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. கரண்ட் பில் யார் கட்டுவது என்பதையும் சேர்த்தே பேசுங்கள்.

4. வேலை வெளியிலா, உள்ளேயா? கட்டட வேலை, பைப் வேலை என்றால் மதிய ஓய்வுச் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, சவூதியில் பகல் 12 முதல் 3 மணி வரையும், அமீரகத்தில் 12.30 முதல் 3 வரையும் திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, 12.30 முதல் 3.30 வரை. வெளிவேலைக்காரருக்கு என் ஓட்டு வறண்ட ஊருக்குத்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ரியாத்தின் புழுதிக்காற்று அவர்களுக்கு ஆகாது.

5. பாலைவன ஊர் என்றால் மண்பானை ஒன்று வாங்கிவிடுங்கள். காய்ந்த காற்றில் பானைத் தண்ணீர் நம் ஊரைவிட நன்றாகவே குளிரும். ஏர்கூலரும் அங்கே வேலை செய்யும். உதடு வெடிக்கும், குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் வரலாம். அறையில் ஈரத்துண்டு ஒன்றை விரித்துப் போடுங்கள். ஜனவரி இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும் என்பதால் ஸ்வெட்டரும் தேவை.

6. கடலோர ஊருக்கு ஏர்கூலர் வாங்குவது வீண் செலவு. ஈரக்காற்றில் ஈரத்தைத்தான் கூட்டும். அப்பளம், வடகம் நமுக்கும், ஊறுகாய் பூசணம் பிடிக்கும். ஊரிலிருந்து கொண்டுபோவதைச் சின்னச் சின்ன பாட்டில்களில் பிரித்து வைத்தால் பாதியாவது தப்பும். தோசைமாவைக் கரைத்த சில மணி நேரத்திலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

7. இது இரண்டு ஊருக்கும் பொது. கோடையில் மாடி டேங்க் கொதித்து, பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வரும். கீசரை மே மாதமே அணைத்துவிடுங்கள். ஏசி அறையை ஒட்டிய கீசரில் தேங்கிய நீர் ஆறியிருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்து குளிக்கலாம். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் முன் எந்தக் குழாயானாலும் கையை நனைத்துப் பாருங்கள்.

8. மழையே பெய்யாது என்று தரைத்தளத்தில் வீடு எடுக்காதீர்கள். 2009 நவம்பரில் ஜித்தாவிலும், 2024 ஏப்ரல் 16 அன்று துபாயிலும் வெள்ளம் தெருவை மூழ்கடித்தது. ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பொங்கியதைப் பார்த்த பாகூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காட்டாறு ஓடும் பள்ளத்தில் இருக்கிறதா வீடு என்று விசாரியுங்கள்.

9. கிளம்பும் மாதத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால் அக்டோபர், நவம்பரில் கிளம்புங்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வெயில் தாக்கி விழுபவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில்தான் விழுகிறார்கள். ஜூனில்தான் போக வேண்டும் என்றால், முதல் வாரம் வெயில் வேலையைக் குறைவாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டித் தரும்படி ஃபோர்மேனிடம் கேளுங்கள். லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவர்களும் இப்படியே செய்ய வேண்டும்.