ஊசி போட்டால் விந்தணு கூடுமா?

நாற்பதை நெருங்கும் ஆண் ஒருவர் ‘எப்பவும் அசதியா இருக்கு, எதுலயும் நாட்டமில்லை’ என்று சொன்னால், ‘டெஸ்டோஸ்டிரோன் பார்த்தீங்களா?’ என்ற கேள்வி உடனே வருகிறது. ஒரு காலத்தில் பேருந்து நிலையச் சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டியாக ஒட்டப்பட்ட பயம், இப்போது கைபேசியில் ரத்தப் பரிசோதனை பேக்கேஜாக விற்கப்படுகிறது. ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் விளம்பரங்கள் ஓய்ந்தபாடில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பற்றிய நம்பிக்கைகளில் பல, பணச்செலவோடு போய்விடும். ஒன்று மட்டும் குழந்தைக்காகக் காத்திருக்கும் குடும்பத்தையே அலைக்கழித்துவிடும். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு எண்ணிக்கை கூடும்.

உண்மை: குறையும். பலருக்கு அறவே இல்லாமல் போகும்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்எச் வந்து தூண்டினால்தான் விதைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். ரத்தத்தில் இருப்பதைவிட விதைகளுக்குள் அதன் செறிவு பல மடங்கு அதிகம். அந்தச் செறிவு இருந்தால்தான் விந்தணு முதிரும். ஊசியாகவோ ஜெல்லாகவோ வெளியிலிருந்து ஹார்மோன் வந்து சேர்ந்ததும், ரத்தத்தில் போதுமான அளவு இருப்பதை உணர்ந்து மூளை எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் நிறுத்திவிடுகிறது. விதைகளுக்குள் செறிவு சரிகிறது. நாளடைவில் விதைகளே சுருங்கவும் கூடும். ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அளவு திருப்தியாக இருக்கும்; விந்துப் பரிசோதனை அறிக்கையில் விந்தணு எண்ணிக்கைக்கு நேராக ‘நில்’ என்று அச்சாகியிருக்கும்.

இந்த விளைவு எவ்வளவு வலுவானது என்றால், உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்தது. வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசி கொடுத்தார்கள். ‘லான்செட்’ இதழில் 1990-ல் வெளியான முடிவுகளின்படி, பாதிக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு முற்றிலும் மறைந்துபோனது.

ஜிம்மில் யாரோ சொன்னதைக் கேட்டு, ‘சைக்கிள்’ என்ற பெயரில் இந்த ஊசி போடும் இளைஞனுக்கு இது தெரிவதில்லை. திருமணமாகி ஓரிரு ஆண்டு கழித்து குழந்தையின்மை சிகிச்சைக்கு வரும்போது, ஊசி போட்ட விஷயத்தை மனைவியிடமும் சொல்லாமல், மருத்துவரிடமும் சொல்லாமல் மறைக்கிறவர்கள் உண்டு. அந்த ஒரு தகவல் இல்லாததால் அந்தப் பெண் தேவையற்ற ஸ்கேன்களுக்கும் மாத்திரைகளுக்கும் ஆளாவது பெரிய அநியாயம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு விந்தணு திரும்பும். ஆனால் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். டெஸ்டோஸ்டிரோன் குறைவு உண்மையாகவே இருந்து, குழந்தையும் வேண்டும் என்பவர்களுக்கு, சொந்தச் சுரப்பைத் தூண்டும் எச்சிஜி ஊசி, குளோமிஃபீன் மாத்திரை போன்றவற்றை மருத்துவர்கள் பரிசீலிக்கிறார்கள்.

நம்பிக்கை: ரிப்போர்ட்டில் அளவு குறைவு என்று வந்துவிட்டால் நோய் உறுதி.

உண்மை: இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். சாப்பிட்டாலும் குறையும். காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும்போதும் குறையும். வேலை முடிந்து, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு, ஆறு மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தவரின் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை பார்க்க வேண்டும். அமெரிக்க சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. இரண்டு முறையும் அதற்குக் கீழே இருந்து, கூடவே அறிகுறிகளும் இருந்தால்தான் அது நோய். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான ஆண்களிடம் நடத்திய ஆய்வில் (2010), அளவு, அறிகுறி இரண்டும் பொருந்தியவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர்தான்.

நம்பிக்கை: விந்து வெளியேறினால் ஹார்மோன் தீர்ந்துபோகும்.

உண்மை: டெஸ்டோஸ்டிரோன் விந்தில் சேமித்து வைக்கப்படுவதில்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. எத்தனையோ இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுத்த இந்தப் பயத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை.

நம்பிக்கை: குறைவுக்குக் காரணம் வயது, தீர்வு ஊசி.

உண்மை: வயதைவிடப் பெரிய காரணங்கள் பல. வயிற்றுப் பருமன், சர்க்கரை நோய், குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கக் கோளாறு, நீண்ட நாள் எடுக்கும் ஸ்டீராய்டு, ஓபியாய்டு வலி மருந்துகள் எல்லாமே அளவை இறக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவைத்தபோது, பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. 2011-ல் வெளியான ஆய்வு இது. தொப்பை கணிசமாகக் குறையும்போது அளவு தானே ஏறுவதும் உண்டு. மறுபக்கம், பிட்யூட்டரியில் கட்டி, பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை, பெரியவர்களுக்கு வந்த பொன்னுக்கு வீங்கி விதைகளைப் பாதித்தது போன்ற காரணங்களும் இருக்கலாம். எல்எச், புரோலாக்டின் அளவுகளைப் பார்க்காமல் நேராக ஊசிக்குப் போனால், கட்டி இருப்பதே தெரியாமல் போகலாம்.

இத்தகைய நோய் உள்ளவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை அவசியம். அதைக் கண்டு பயந்து ஒதுங்குவதும் தவறு. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் புராஸ்டேட் புற்றுநோய் வந்துவிடும் என்ற அச்சம் 1941-ல் மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. இதயத்துக்கு ஆபத்து என்ற அச்சமும் உண்டு. இதயநோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து, 2023-ல் வெளியான ‘டிராவர்ஸ்’ ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லை. புராஸ்டேட் புற்றுநோயும் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தம் உறைவதும் சற்று அதிகமாகவே இருந்தன. ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சையைப் பொதுவாகத் தொடங்குவதில்லை.

தொடங்கியவர்களுக்கு முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமாட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். சிகிச்சை தொடங்கி ஓராண்டில் தாம்பத்திய வாழ்க்கையில் முன்னேற்றம் இல்லாத முதியவர்களுக்கு, அதைத் தொடர வேண்டாம் என்பதே அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை.