மூங்கில் தரை: வாங்குமுன் கேட்க வேண்டியவை

வீடு கட்டும் நம் குடும்பங்களில் சிலர் டைல்ஸுக்குப் பதிலாக மூங்கில் தரை போடலாமா என்று யோசிக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் உண்மையான பாதி. மூங்கில் மரமல்ல, புல் இனம். தேக்கு முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். மூங்கில் 4, 5 ஆண்டுகளில் பலகைக்கு ஏற்றவாறு முற்றிவிடும்; வெட்டினாலும் கிழங்கிலிருந்து மறுபடி குருத்து விடும். 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கினார்கள். சொந்த நிலத்தில் மூங்கில் வளர்ப்பவருக்கு அதை வெட்டி விற்பது இதனால் எளிதானது.

கவனிக்க வேண்டியது பசை. மூங்கில் உள்ளே கூடானது. அதைக் கீற்றுகளாகப் பிளந்து, பூச்சி அரிக்காமலிருக்க மருந்து நீரில் வேகவைத்து, உலர்த்தி, பசையிட்டு அழுத்தினால்தான் பலகையாகும். இந்தப் பசைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் அதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் சேர்த்தது. மட்டமான பசையானால், பலகை பதித்த பின்னும் மாதக்கணக்கில் ஆவி கசியும். ஜன்னலை மூடி ஏசி போட்ட அறையில் அந்தத் தரையில்தான் பிள்ளை தவழ்கிறது. அதில்தான் நாம் ஸஜ்தா செய்கிறோம். ஆகவே ‘ஈ-1’ அல்லது அதைவிடக் கடுமையான ‘ஈ-0’ தரச் சான்றை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்தச் சரக்கு வேண்டாம்.

நாராகப் பிரித்து அழுத்திய பலகை மிகவும் கடினமானது. ஆனால் அதில் பசையும் கூடுதல். காபி நிறப் பலகை பார்க்க அழகுதான். ஆவியில் வேகவைத்து வரும் நிறமாக இருந்தால் கடினம் சற்றுக் குறையும். நாற்காலி இழுபடும் கூடத்துக்கு அது உதவாது.

அடுத்தது தண்ணீர். வாளி நீரை ஊற்றித் தரை கழுவும் வீட்டுக்கு மூங்கில் ஒத்துவராது. உளூ செய்யும் இடம், சமையலறை, குளியலறை வாசல் ஆகியவற்றில் டைல்ஸே இருக்கட்டும். ஓதம் ஏறும் கீழ்த்தளத்திலும், கரையான் தொல்லை உள்ள வீட்டிலும் வேண்டாம். மாடிப் படுக்கையறைக்குத் தாராளமாகப் போடலாம். பலகையைக் குறைந்தது மூன்று நாள் அந்த அறையிலேயே வைத்திருந்து பிறகு பதிக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பலகை விரியும் என்பதால் சுவரோரம் இடைவெளி விடவேண்டும். இடைவெளி அசிங்கம் என்று மேஸ்திரி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரப்பட்டை அதை மறைத்துவிடும்.

இன்னொன்று. வாப்பா காலத்துச் சிவப்பு ரெட்ஆக்சைடு தரை நன்றாக இருக்கும்போது, அதை உடைத்துவிட்டு, சீனாவிலிருந்து கப்பலில் வந்த மூங்கிலைப் போடுவதில் சுற்றுச்சூழலுக்கு என்ன நன்மை? அது வீண்விரயம். மெருகேற்றினால் அந்தத் தரை இன்னும் பல ஆண்டு வரும்.

புதிதாகப் போடுவதென்றால், முன்பணம் கொடுக்குமுன் ஒரு துண்டை வாங்கி வந்து இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் கீற்றுகள் பிரிந்திருந்தால் வேறு கடை பாருங்கள்.