இடுப்பு வலியும் நெஞ்சுப் படபடப்பும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிலாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ மருந்துக் கடைப் பக்கம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "இடுப்பு வலிக்கு ஒண்ணு குடுங்க, கூடவே கேஸுக்கும் ஒண்ணு." வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க அந்த இரண்டாவது மாத்திரை உதவும். ஆனால் சிலர் அதைக் கேட்கும் காரணம் வேறு. நெஞ்சு அடைக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, தூக்கத்தில் திடுக்கென்று விழிப்பு வருகிறது. நம் ஊரில் இதற்கெல்லாம் பொதுப்பெயர் கேஸ். மாதக்கணக்கில் இடுப்பு வலியோடு லைனில் நிற்பவருக்கு இவை வரும்போது, பதற்றமாக இருக்குமோ என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று ஐம்பதை நெருங்குகிறார். 2010-ஐ ஒட்டி ஒரகடத்தில் ஆலைகள் வரிசையாக வந்தபோது சேர்ந்தவருக்கு முப்பத்தைந்து இருக்கும். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் தலைக்கு மேல் நிற்கும் வயது. இந்த வயதில் வரும் இடுப்பு வலி இடுப்போடு நிற்பதில்லை.

படி 1: முதலில் ஆபத்தானதைப் பிரித்துவிடுங்கள்

சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, கீழே விழுந்த அடி ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் 108. அது பதற்றம்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். இசிஜி பார்த்து டாக்டர் சொல்லட்டும். "இப்படி வலியோடு இருப்பதற்குப் பதில் செத்துப்போகலாம்" என்ற எண்ணம் வந்தாலும் அவசரம்தான். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல உதவி எண்ணான 14416-ஐக் கூப்பிடுங்கள்.

படி 2: வலி எது, பதற்றம் எது

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். இத்தனை நாள் வலித்தால் மூளை காவல்காரனைப் போல எப்போதும் விழித்தே இருக்கும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், இடுப்புத் தசைகள் தம்மையறியாமல் இறுகும். இறுகிய தசை வலிக்கும். வலித்தால் பயம் கூடும், பயம் கூடினால் தசை இன்னும் இறுகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இடுப்புக்கும் பொருந்தும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. குனிந்தால், தூக்கினால், கம்பெனி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் கூடுவது பெரும்பாலும் வலியின் கணக்கு. நாளை ஏ-ஷிப்ட் என்று நினைத்த மாத்திரத்தில், சூப்பர்வைசர் பெயர் போனில் வந்ததும், கான்ட்ராக்ட் முடியும் மாதம் நெருங்கும்போது, உடம்பை அசைக்காமலேயே கூடுவது பதற்றத்தின் கணக்கு. படபடப்பு, உள்ளங்கை வியர்வை, வாய் உலர்தல், அடிக்கடி சிறுநீர் வருதல், எரிச்சல், கவனம் சிதறுதல், தூக்கம் கலைதல் ஆகியவை அதன் வழக்கமான முகங்கள்.

யாரும் அறிகுறி என்று எண்ணாத இன்னொரு முகம் இருக்கிறது, அதுதான் தவிர்த்தல். ஷூ லேஸைக் கட்டக் குனிய மாட்டார். குழந்தையைத் தூக்க மாட்டார். பந்தியில் தரையில் உட்கார வேண்டுமே என்று சொந்தக்காரர் கல்யாணத்துக்கே போக மாட்டார். கேட்டால் "ஜாக்கிரதையா இருக்கேன்" என்பார். ஜாக்கிரதை நல்லதுதான், ஆனால் ஆறு மாதம் குனியாத இடுப்பு குனிவதையே மறந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூடப் படபடப்பைத் தரும். எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சி-ஷிப்டில் விழித்திருக்கக் குடிக்கும் நாலாவது டீ, எனர்ஜி டிரிங்க் ஆகியவற்றையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பதினான்கு நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: வலி பத்துக்கு எவ்வளவு, பதற்றம் பத்துக்கு எவ்வளவு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் அல்லது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள். எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரத் தூக்கம் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பதினான்கு நாள் ஏனென்றால், டாக்டர்கள் பயன்படுத்தும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் பட்டியலும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியே கேட்கிறது. மொத்த மதிப்பெண் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். மதிப்பெண்ணை வைத்து நோயை நீங்களே முடிவு செய்யக் கூடாது, டாக்டரிடம் பேச்சைத் தொடங்க அது உதவும்.

படி 4: ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சண்டை போடாதீர்கள்

இந்தப் பகுதியில் பதற்றத்தை அதிகம் விதைப்பது எது என்று என்னைக் கேட்டால், வேலையைவிட எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைத்தான் சொல்வேன். "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்" என்ற ஒரு வரியை வாட்ஸ்அப்பில் மச்சானுக்கு அனுப்பி, அவர் தெரிந்த நர்ஸுக்கு அனுப்பி, சாயங்காலத்துக்குள் "டிஸ்க் விலகிடுச்சாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த 'விலகல்' என்ற சொல்லே தப்பு. மேசை இழுப்பறை நழுவுவது போல டிஸ்க் நழுவாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுகப் பிணைந்திருக்கிறது. அதன் ஓரம் சற்றுப் பிதுங்கலாம், அவ்வளவுதான். 'தேய்மானம்' என்பதும் அப்படித்தான். டயர் தேய்வது போல நாளை வெடித்துவிடுமோ என்று மனசு ஓடுகிறது.

2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம், 30 விழுக்காட்டினருக்குப் பிதுக்கம். நாற்பது வயதில் தேய்மானம் 68, பிதுக்கம் 50. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது! ஆகவே ரிப்போர்ட்டில் உள்ளதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் வயசுக்கு இது சாதாரணமா? நரம்பு அழுத்தம் இருக்கா? நான் எதெல்லாம் செய்யலாம்?" 'செய்யக் கூடாது' பட்டியலோடு மட்டும் வீடு திரும்பாதீர்கள்.

படி 5: எங்கே போவது

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. அந்த வரம்பைக் கணக்கிடும்போது ஓ.டி. பணம் சேராது. இது தெரியாமல் கார்டே போய்விட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளருக்கும் கார்டு உண்டு. உங்கள் டிஸ்பென்சரியில் இடுப்பு வலியையும் தூக்கமின்மையையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் ஒன்றுக்குத்தான் சீட்டு எழுதுவார்கள். எலும்பு, மனநலம் இரண்டுக்கும் ரெஃபரல் கேட்கலாம்.

டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், போதிய நாள் சந்தா கட்டியிருப்பவருக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அந்த ஓய்வுக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆவது பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டங்கள் தொகுப்புகளாக மாறின. ஆகவே இன்றைய விதியை இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தில் எழுதியிருப்பதும் கான்ட்ராக்ட்காரர் நடந்துகொள்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு சீட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இஎஸ்ஐ இல்லாதவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தரும் பிரிவும் இருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் அது உதவும்.

படி 6: அசையுங்கள், ஆனால் கணக்காக

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயை விளக்கிச் சொல்லும் கல்வி, எண்ணங்களைச் சீராக்கும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. யூனிஃபார்முக்குள் பலர் இறுக்கிக் கட்டும் இடுப்பு பெல்ட்டையும், இழுவைக் கட்டிலையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது. பெல்ட் இல்லாமல் நிற்கவே பயமாக இருக்கிறதா? அப்படியானால் பெல்ட் இப்போது இடுப்பைவிட மனசைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. இயன்முறை சிகிச்சையாளரிடம் கேட்டு மெல்ல மெல்ல விடுங்கள்.

வலி குறைந்த நாளில் ஓ.டி.யும் பார்த்து, வீட்டில் சிலிண்டரும் தூக்கி, மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடப்பதுதான் வழக்கமான தப்பு. வலியைப் பார்த்து நடக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து நடங்கள். தினம் பத்து நிமிடம், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே பத்து. ஒரு வாரம் கழித்துப் பன்னிரண்டு. தவிர்த்துவந்த வேலைகளில் மிகச் சின்னதை எடுத்து, ஷூ லேஸ் என்றால் ஷூ லேஸ், தினம் செய்யுங்கள். கொஞ்சம் வலித்தால் ஏதோ உடைகிறது என்று பொருளில்லை.

மூச்சுக்கு ஒரு பயிற்சி. நான்கு எண்ணும் நேரம் உள்ளே, ஆறு எண்ணும் நேரம் வெளியே, ஐந்து நிமிடம். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இதற்கு நேரம் தாராளம்.

படி 7: லைனில் எப்படிச் சொல்வது

"வலிக்குது சார்" என்றால் சூப்பர்வைசர் டார்கெட்டைக் காட்டுவார். குறிப்பாகச் சொல்லுங்கள்: "கீழே இருக்கிற ட்ரேயை முட்டி உயரத்துக்கு ஏத்தினா முடியும்", "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டேஷன் மாத்தி விடுங்க." கம்பெனி மருத்துவ மையத்தில் எழுத்தாகப் பதிவு செய்யுங்கள். நின்றே வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்பது புதுக் கோரிக்கை அல்ல, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவே அதைச் சொன்னது.

நிர்வாகத்தில் இருப்பவர் இதைப் படித்தால் அவருக்கும் ஒன்று. அமெரிக்காவில் போயிங் விமான ஆலைத் தொழிலாளர் 3,020 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1991-இல் வெளியானது. வேலை பெரும்பாலும் பிடித்திருக்கிறது என்றவர்களோடு ஒப்பிட்டால், வேலை பிடிக்கவே இல்லை என்றவர்கள் முதுகுக் காயம் என்று வந்து நின்றது இரண்டரை மடங்கு. அவர்கள் நடித்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. லைனில் நடத்தப்படும் விதமும் முதுகில் ஏறுகிறது.

படி 8: மாத்திரை விஷயத்தில்

வலி மாத்திரையை வாரக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடலாம். தூக்கத்துக்கு நண்பர் தந்த அல்பிரசோலம் பழக்கமாகிவிடும், மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. டியுலாக்செடின் போன்ற சில மருந்துகள் வலி, பதற்றம் இரண்டுக்குமே தரப்படுவதுண்டு. வேலை செய்யச் சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது. புது மருந்து தூக்கம் வரவழைத்தால் ஃபோர்க்லிப்ட், பிரஸ் பக்கம் போகாதீர்கள். அதை டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று எல்லாவற்றையும் வாங்கிச் செய்யாதீர்கள். "நடிக்கிறான்" என்றும் சொல்லாதீர்கள். சாயங்காலம் கூட நடந்து வாருங்கள், போதும்.

யாரிடமும் நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பவர்கள் 14416-இல் தொடங்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் அது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். இரவு பகல் என்ற கணக்கும் இல்லை. சி-ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்ததும் கூப்பிடலாம்.