அளவெடுத்த பிறகு கத்தியை எடு

பீளமேடு,
கோயம்புத்தூர்.

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. பாட்டியின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுது; அவளைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கார் போட்டோக்களைப் பெரியம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். “அம்பாசடர்” என்றாள். பிளஸ் ஒன் படிக்கிற பையன் சன்போர்டு நுரைப்பலகையையும் கத்தியையும் வைத்துச் செய்த முதல் வண்டி. இன்ன வண்டி என்று பார்த்தவள் சொல்லிவிட்டாள், அந்த மட்டில் நீ ஜெயித்துவிட்டாய். அடுத்ததாக ஜப்பான் கிட் ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் பாதியில் டவர் போய்விடும், மீதியை நீ உனக்குப் பிடித்தபடி நிரப்பிக்கொள்வாய். அதனால்தான் கடிதம்.

கிட் இப்போது வேண்டாம்.

வரி, கூரியர் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ஆகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. 1970களில் தமியா கம்பெனி போர்ஷே 934 ரேஸ் காரை 1:12 அளவில் கிட்டாகக் கொண்டுவந்தது. அதற்காக அந்தக் கம்பெனியின் ஷுன்சாகு தமியா நிஜமான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி அளவெடுத்தார். திரும்பப் பூட்ட முடியாமல் போர்ஷே மெக்கானிக்குகளை அழைக்க வேண்டியதாயிற்று. அந்த மாதிரிப் பெட்டியைப் பிரிக்கிறவனுக்கு என்ன மிச்சம்? பார்க்கிற வேலை, அளக்கிற வேலை, எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று முடிவெடுக்கிற வேலை எல்லாவற்றையும் ஜப்பானில் ஒருவர் முடித்துவிட்டார். உனக்குப் பூட்டுகிற வேலை மட்டும்தான். அதுவும் நல்ல பழக்கம், கை சுத்தமாகும். ஆனால் உன் கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது. குறைவது அளவு.

உன் அம்பாசடரையே எடுத்துக்கொள். நிஜ வண்டியின் வீல்பேஸ் 2464 மில்லிமீட்டர். 1:24 என்று நீ எழுதியிருப்பதால் முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு 103 மி.மீ. வர வேண்டும். போட்டோவில் பக்கத்தில் கிடக்கும் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 90-ஐத் தாண்டவில்லை. முன்பக்கம் ஒரு படத்திலிருந்து, பின்பக்கம் வேறு படத்திலிருந்து, நடுவில் உள்ளது குத்துமதிப்பு. அதோடு, முதல் வண்டிக்கு அம்பாசடர் கஷ்டமான தேர்வு. அதில் தட்டையான இடமே கிடையாது. பலகையை ஒரு பக்கமாக வளைக்கலாம். மட்கார்டு மாதிரி ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் வளைகிற உருவம் சன்போர்டில் வராது. கட்டையைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். பவுண்டரியில் நாங்கள் பேட்டர்ன் செய்வது அப்படித்தான். அங்கே இன்னொரு தலைவலியும் உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு போலச் சுருங்கும் என்பதால் மர பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே கோடுகள் சற்று அகலமாகப் போட்ட ஸ்கேல் வைத்திருப்போம். தவறி அந்த ஸ்கேலை எடுத்து உன் வேலையை அளந்துவிடாதே, அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன்.

சரி, எதைச் செய்வது? உங்கள் ஊரிலேயே நிற்கிறதே, பழைய மகிந்திரா ஜீப். சாமை மூட்டையும் புளி மூட்டையும் ஆட்களுமாக ஜவ்வாது மலையில் ஏறி இறங்குகிற வண்டி. மாடல் செய்கிறவனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பெரிய பிரஸ் இல்லாமலேயே அடித்து வளைக்கக்கூடிய தட்டைத் தகடுகள், வெளியே தெரிகிற போல்ட்டு, ஒளிவுமறைவில்லாத சேஸிஸ். வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா 1940களின் இறுதியில் இங்கே பூட்ட ஆரம்பித்து, பிறகு தானே செய்தது. சிஜே-3பி என்கிற உயரமான பானெட் வைத்த வண்டியின் வீல்பேஸ் 80 அங்குலம். 1:16-க்குக் குறைத்தால் சரியாக 5 அங்குலம், 127 மி.மீ. முதலில் 1:16-ல் செய். 1:24 என்பது அடிக்கு அரை அங்குலம். கிட் செய்கிறவர்களுக்கு வசதி, கத்தியால் வெட்டுகிற உனக்குச் சிறிது.

ஆனால் நான் எழுதிய 80-ஐ நம்பி உட்கார்ந்துவிடாதே. உங்கள் பக்கம் ஓடுபவற்றில் நீட்டு வீல்பேஸ் வண்டியும் உண்டு. போதாததற்கு உள்ளூர்ப் பட்டறையில் பின்னால் ஒரு அடி இழுத்துப் படிக்கட்டும் கேரியரும் வைத்திருப்பார்கள். அந்த வண்டியின் அளவு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டு அள. கேட்காமல் டேப்போடு வண்டிக்கடியில் புகுந்தால் ஆர்டிஓ ஆபீஸ் ஆள் என்று பயந்துவிடுவார்.

சமதரையில் நிற்கும்போது அள. அச்சிலிருந்து அச்சு, இரண்டு பக்கமும். டயருக்கு டயர் அகலம். தரையிலிருந்து பம்பர், தரையிலிருந்து பானெட், தரையிலிருந்து கண்ணாடியின் மேல்விளிம்பு. ஹெட்லைட்டின் விட்டம், இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் உள்ள தூரம். இந்தக் கடைசி இரண்டில் மாடலில் 2 மி.மீ. பிசகினாலும் வண்டியின் முகம் மாறிவிடும், வேறு எங்கே பிசகினாலும் அவ்வளவாகத் தெரியாது. போட்டோ எடுப்பதானால் தள்ளி நின்று ஜூம் செய்து எடு. கிட்டத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்துப் பின்பக்கம் சிறுத்துத் தெரியும். உன் அம்பாசடர் குட்டையாகிப் போனதற்கும் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது கனம். இதை யாரும் யோசிப்பதில்லை. நீ வெட்டுகிற சன்போர்டு 3 மி.மீ. அதை 16-ஆல் பெருக்கு: 48. அதாவது உன் ஜீப்பின் பக்கத்தகடு இரண்டு அங்குலக் கனம், ராணுவ டாங்கிக்குப் போடுகிற தகடு. எத்தனை அழகாகப் பெயின்ட் அடித்தாலும் பொம்மை பொம்மையாகவே தெரிவதற்குக் காரணம் இந்த விளிம்புதான். உள்ளே எலும்புக்கூட்டுக்குச் சன்போர்டு இருக்கட்டும். கண்ணில் படுகிற விளிம்புகளுக்கு வேறு சாமான் தேடு. காலாவதியான ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ., பெருக்கினால் 12; பம்பருக்கும் சேஸிஸ் சட்டத்துக்கும் ஆகும். கூல்டிரிங்க்ஸ் டின்னின் பக்கத்தகடு சுமார் 0.1 மி.மீ., பெருக்கினால் 1.6. நிஜ ஜீப்பின் தகடும் ஏறக்குறைய அவ்வளவுதான்! மட்கார்டும் நம்பர் பிளேட்டும் அதில் வெட்டு. கோலப்பன் ஏரிக்கரையில் டூரிஸ்டுகள் போட்டுவிட்டுப் போகிற டின்னைப் பொறுக்கினால் ஏரிக்கும் நல்லது. வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். உடனே உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்துவிடு.

மேல்மூடித் தார்ப்பாய்க்கு நிஜத் துணி வைக்காதே. துணியின் இழை 16 மடங்கு பெருத்துச் சாக்குப்பை ஆகிவிடும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்துக் கம்பிச் சட்டத்தின் மேல் போர்த்து. ஈரத்தில் அதுவே சட்டங்களுக்கு நடுவில் கொஞ்சம் தொய்யும், காய்ந்தால் அப்படியே நின்றுவிடும். ஊசி முனையால் தையல் கோடு இழுப்பது அதற்குப் பிறகு.

பானெட்டுக்கு உள்ளே வைக்க மரக்கட்டை வேண்டும் என்றால் தச்சுப்பட்டறைத் துண்டு கேட்டு வாங்கு. வெட்பாலை கிடைத்தால் நல்லது, சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடைகிற மரம் அதுதான். வெள்ளையாக, நார் தெரியாமல் வெட்டுப்படும். காட்டுக்குள் போய் ஒரு கிளையைக்கூட ஒடிக்காதே. சந்தனக்கட்டைப் பேச்சு அடிபட்ட மலை அது, கையில் கத்தியோடு நிற்கிற பையனிடம் வனத்துறைக்காரர் மாடல் கார் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

தேய்ப்பதில் நீ அவசரப்படுவது போட்டோவிலேயே தெரிகிறது. 400 நம்பர் உப்புத்தாள் விட்ட கீறலை 800 எடுக்கும், 800 விட்டதை 1200 எடுக்கும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் பெயின்ட் மூடாது. பளபளப்பு ஏற ஏறக் கீறல் இன்னும் நன்றாகத் தெரியும். காவலூரில் இருக்கிற வைணு பாப்பு தொலைநோக்கியைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். அதன் 2.34 மீட்டர் கண்ணாடியைப் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் நம் ஆட்களே தேய்த்து மெருகேற்றினார்கள், 1986-ல் தொலைநோக்கியைத் திறந்தார்கள். அங்கேயும் வேலை கரடுமுரடான பொடியிலிருந்து நைசுக்குப் படிப்படியாகத்தான் போகும். உன் பானெட் உள்ளங்கை அளவுதான், முணுமுணுக்காமல் தேய்.

பெயின்ட்டுக்கு வருகிறேன். நிஜ வண்டியின் பெயின்ட் மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதை 16-ஆல் வகுத்து அடிக்க யாராலும் முடியாது. ஆகையால் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக, ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாக அடி. ஜவ்வாது மலையில் மார்கழிப் பனியில் ஸ்ப்ரே அடித்தால் ஈரம் சிக்கி வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறிய பிறகு அடி, திறந்த இடத்தில் அடி, மூக்கைக் கட்டிக்கொள். தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே படக்கூடாது, கரைந்து குழியாகிவிடும். ஃபெவிகுயிக் போன்ற உடனடிப் பசையைக் கண்ணாடிக்கு வைக்கிற பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதே, அதன் ஆவி பட்டாலே புகைமூட்டம் போலப் படியும். அங்கே ஃபெவிக்கால் போதும், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

இனிதான் எனக்குப் பிடித்த விஷயம். நம் மாநிலத்தில் அரசு பஸ் மினியேச்சர் செய்கிற பையன்கள் ஏகப்பட்ட பேர். ரூட் போர்டு, சீட் கலர், கண்டக்டர் விசில் தொங்குகிற கயிறு வரைக்கும் செய்கிறார்கள். அவர்கள் வேலைக்கு நான் ரசிகன். ஆனாலும் எல்லா பஸ்ஸும் கரூர் பாடி பில்டரிடமிருந்து இன்று காலை வெளியே வந்தது போலவே இருக்கிறது. நீ மலை வண்டியைச் செய்கிறாய். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று போய்ப் பார். டிரைவர் ஏறும் இடத்தில் செருப்பு உரசி பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும், பக்கத்து சீட்டில் அத்தனை தேய்வு இருக்காது. அவர் முழங்கை வைக்கிற விளிம்பு கறுத்திருக்கும். பின்படியில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள் பிடிக்கிற கம்பியில் கைபடும் ஒரு சாண் இடம் மட்டும் மினுங்கும். செம்மண் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகமாகப் படியும், ஏனென்றால் ஓடுகிற வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று புழுதியை இழுத்துக்கொண்டு வரும். சக்கரத்துக்குப் பின்னால் சேறு விசிறி போலத் தெறித்திருக்கும். துரு, தண்ணீர் தேங்கும் மூலையில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி வழியும். ஒருநாளும் மேல்நோக்கி ஏறாது.

இதையெல்லாம் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்ட பிறகு பாதியைச் செய். முழுதும் செய்தால் காயலான் கடை வண்டி ஆகிவிடும். பெயின்ட்டைத் தின்னரில் தண்ணீர் மாதிரி கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, மேலே நின்றதைத் துணியால் ஒற்றி எடு. புழுதிக்கு உன் வீட்டு வாசல் மண்ணையே காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, பிரஷ்ஷால் தூவிப் பார். கொஞ்சம் வெளிறிய நிறமாகத் தெரிகிற மண்ணே பொருந்தும். சின்ன வண்டியை நாம் தூரத்து வண்டியாகத்தான் பார்க்கிறோம், தூரத்தில் எந்த நிறமும் சற்று வெளுக்கும்.

உன் அப்பா என்னிடமும் புலம்பினான். படிக்கிற வயதில் அட்டை வெட்டுகிறான் என்று. அவன் சொல்வதை முழுதும் தள்ளிவிடாதே. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1930 முதல் 1968 வரை ஃபிஷர் பாடி கைவினைஞர் கில்டு என்ற பெயரில் பையன்களுக்கு மாடல் போட்டி நடத்தியது. முதலில் நெப்போலியன் காலத்து அலங்காரக் குதிரைவண்டி செய்யச் சொன்னார்கள், பிறகு சொந்தமாக வடிவமைத்த கார். ஜெயித்தவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்குப் பணம். அவர்களில் சிலர் பெரிய கார் டிசைனர்கள் ஆனார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லி வாதாடலாம் என்று தோன்றும், வாதாடாதே. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வேறு வேலைக்குத்தான் போனார்கள், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. வடிவியலில் விகிதம் என்று பாடம் வருமே, அதில் நல்ல மார்க் வாங்கி அவனிடம் காட்டு. ஒன்று சொல்லிவைக்கிறேன், நீளம் 16-ல் ஒரு பங்கு ஆனால் எடை 4096-ல் ஒரு பங்காகும். ஒரு டன் ஜீப்புக்கு உன் மாடல் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஏன் என்று அவனுக்கு விளக்கு. விளக்க முடிந்தால் அவன் வாயை மூடுவான், முடியாவிட்டால் நீ மூடிக்கொண்டு கணக்குப் புத்தகத்தை எடு.

பரீட்சைக்கு முந்தைய மாதம் கத்தியைத் தொடாதே. மற்ற நாட்களில் ராத்திரி ஒரு மணி நேரம். யாராவது காசு கொடுத்துச் செய்து தரச் சொன்னால் இந்த வருஷம் வேண்டாம் என்று சொல். ஆர்டர் எடுத்துவிட்டால் அவர் கேட்ட தேதிக்குத்தான் முடிப்பாய், வண்டி கேட்கிற தேதிக்கு முடிக்க மாட்டாய்.

பார்சலில் என் பழைய வெர்னியரும், பிளேடு மாற்றுகிற கத்தி ஒன்றும், மூன்று நம்பர்களில் உப்புத்தாளும் அனுப்புகிறேன். வெர்னியரைத் தரையில் போடாதே, தங்கச்சி கையில் கொடுக்காதே. கத்தியால் வெட்டும்போது இடது கை எப்போதும் பிளேடுக்குப் பின்பக்கம். முதலில் எனக்கு வர வேண்டியது மாடல் அல்ல, அளவுத்தாள். வலது பக்கம், இடது பக்கம், முன், பின், மேல் என்று ஐந்து படம் பென்சிலில் போட்டு, நிஜ அளவை மேலேயும் 16-ஆல் வகுத்ததைக் கீழேயும் எழுதி, போட்டோ பிடித்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுச் சன்போர்டுக்குக் காசு போடுகிறேன். ஜீப் முடிந்தால் கிட் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா

பி.கு.: ஸ்டெப்னியை மறக்காதே. பின்னால் மாட்டியிருக்கிறதா, பக்கத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார். அது எந்த அளவுக்கு மொட்டையாகியிருக்கிறது என்பதையும் எழுது.