டோட்டோரோவும் ஒரு சோளக்கதிரும்

கேள்வி: குடும்பத்தின் துயரத்தைக் குழந்தையின் கற்பனை வழியாகச் சொன்ன படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’. 1988இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்; அப்பா இரண்டு பெண்களோடு கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவருகிறார். என்ன நோய் என்று படம் சொல்வதே இல்லை. இளையவளான நாலு வயது மெய்க்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். மியாசாகியின் தாயாரும் முதுகெலும்புக் காசநோயால் பல வருடம் அவதிப்பட்டவர்.

கற்பூர மரத்தடியில் உறங்கும் டோட்டோரோ என்ற காட்டுப் பிராணியை மெய் பார்த்துவிடுகிறாள்; பெரியவர்கள் கண்ணில் அது படாது. ஆனாலும் அப்பா மகளைப் பொய்க்காரி ஆக்குவதில்லை. காட்டின் காவலரைத்தான் பார்த்திருக்கிறாய் என்று சொல்லி, மரத்தை வணங்க அழைத்துப்போகிறார். எனக்கு மிகவும் பிடித்த அப்பா இவர்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. அதுவரை சமைத்து, சாப்பாடு கட்டிக்கொடுத்துப் பொறுப்பாக இருந்த அக்கா சாட்சுகி, அம்மா செத்துவிடுவாளோ என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாய்விட்டு அழுகிறாள். அதைப் பார்த்த மெய், தோட்டத்தில் பறித்த சோளக்கதிரை மார்போடு அணைத்தபடி ஆஸ்பத்திரிக்குத் தனியே கிளம்புகிறாள். பாட்டி தோட்டத்துக் காய்கறி தின்றால் அம்மாவுக்குக் குணமாகும் என்பது அவள் நம்பிக்கை.

டோட்டோரோ நோயைத் தீர்ப்பதில்லை. தொலைந்த தங்கையைத் தேடப் பூனை வடிவப் பேருந்தை வரவழைக்கிறது, அவ்வளவுதான். அந்த அளவோடு நிறுத்திய மியாசாகியின் நேர்மை பெரிது. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாதபோது பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் அவர்கள் கேள்வி கேட்டால், படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.