சான் ஜென்னாரோ திருநாளும் ஒரு குப்பிக் களியும்

சென்ற ஆண்டு நம் சங்கத்து ஆய்வு வட்டக் கூட்டத்திலே நான் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் காட்டியது நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. சாய்த்தால் அசையாது, கவிழ்த்தாலும் விழாது. இரண்டு முறை குலுக்கினேன்; நீராய் ஓடிற்று. “நேப்பிள்ஸ் நகரத்து அற்புதத்தின் மருமம் இவ்வளவே” என்று பெருமிதத்தோடு கூறி அமர்ந்தேன். கைதட்டலும் கிடைத்தது. அப்போது தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். “அண்ணே, எல்லாம் சரி. அந்தக் குப்பிக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிற ஆச்சிமாரிடம் போய் இதைச் சொன்னால், அவர்கள் என்ன செய்யவேண்டும் என்கிறீர்கள்?” என்றார். நான் ஏதோ கூறி மழுப்பினேன். அந்த வினா உறுத்திக்கொண்டே இருந்தமையால் இத்திருநாளைப் பற்றி மேலும் படிக்கலானேன். படித்ததில் என் பேச்சிலேயே ஒரு பிழை இருந்ததும் தெரிந்தது. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

இத்தாலியின் தென்பகுதியிலே, வெசூவியஸ் எரிமலைக்கும் கடலுக்கும் இடையே அமைந்த பழம்பெரும் நகரம் நேப்பிள்ஸ். அதன் காவற் புனிதர் ஜனுவாரியுஸ். ஊரார் நாவிலே சான் ஜென்னாரோ. பெனவெந்தோ நகரின் ஆயராக இருந்த அவர், பேரரசன் டயோக்ளீஷியன் கிறித்தவரை ஒறுத்த காலத்தில், கி.பி. 305இல் அண்டையிலுள்ள பொட்சுவோலியிலே தலை வெட்டுண்டு மாண்டார் என்பது மரபு. எவுசேபியா என்னும் பெண் அவருடைய குருதியைக் குப்பிகளில் ஏந்தி வைத்தாள் என்பர். ஆனால் அக்குருதி உருகிற்று என்னும் முதற் குறிப்பு 1389ஆம் ஆண்டுக்கு உரியது. இடையிலே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேச்சே இல்லை. வரலாறு பயில்வோர் ஐயுறுவதற்கு இது ஒன்றே போதும்.

ஆண்டுக்கு மூன்று முறை அக்குப்பி வெளியே வரும். மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை, புனிதரின் எலும்புகள் நேப்பிள்ஸுக்குக் கொண்டுவரப்பட்டதன் நினைவு. அன்று மற்றக் காவற் புனிதர்களின் வெள்ளிச் சிலைகளும் உடன்வர ஊர்வலம் நடைபெறும். டிசம்பர் 16, 1631இல் வெசூவியஸ் வெடித்துப் பல்லாயிரவர் மாண்டபோது நகரம் பிழைத்ததன் நினைவு. எல்லாவற்றிலும் பெரியது செப்டம்பர் 19, அவர் மாண்ட நாள். அன்று தலைமைக் கோயிலிலே ஆயர் பெருமான் அப்பேழையை எடுத்து மெல்லச் சாய்த்தும் கவிழ்த்தும் பார்ப்பார். சில ஆண்டுகளில் சில நிமிடங்களிலே உருகும். சில ஆண்டுகளில் மணிக்கணக்காகும். சில வேளைகளில் பெட்டகத்தைத் திறக்கும்போதே உருகியிருக்கும். உருகியதும் ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையை வீசிக் காட்டுவார். இருபத்தொரு வேட்டு முழங்கும்.

இனி அந்த ஆச்சிமாருக்கு வருகிறேன். முன்வரிசையிலே அமரும் முதிய பெண்டிர் சிலருக்குப் ‘புனிதரின் உறவினர்’ என்றே பெயர். எவுசேபியாவின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்கள் கொள்கை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த பழம்பாட்டுகளைப் பாடித் தொழுவார்கள். குருதி உருகத் தாமதமானால் தொழுகை மாறிவிடும். புனிதரை ஏசத் தொடங்குவார்கள்! புனிதரின் தலைச்சிலை 1305இல் முடிந்த வெள்ளி வேலைப்பாடு, பொன்முலாம் பூசியது. ஆகவே “மஞ்சள் மூஞ்சியே, இன்னும் என்ன தாமதம்?” என்கிற பாங்கிலே ஏச்சு விழும். வெளிநாட்டுப் பயணிகள் பலர் இதைக் கண்டு முகம் சுளித்து எழுதினார்கள். நமக்கு இதில் வியப்பில்லை. கண்ணிழந்த சுந்தரர் திருவாரூர்ப் பெருமானோடு போட்ட சண்டையை அறிந்தவர்கள் நாம். நிந்தாஸ்துதி என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறோம். உரிமை உள்ளவனைத்தான் ஏச முடியும். அயலாரை ஏசினால் வழக்குத்தான் வரும்.

அந்த உரிமை வெறும் உணர்ச்சியும் அன்று. பத்திரம் எழுதிப் பெற்றது. 1527ஆம் ஆண்டு சனவரி 13. நகரத்திலே கொள்ளைநோய், வெளியே போர். அந்நாளில் நகரத்தார் கூடி, எங்களைக் காப்பாயானால் உனக்கு ஒரு கோயில் கட்டித் தருகிறோம் என்று புனிதருக்கு வாக்களித்தார்கள். வெறுமனே நேர்ந்துகொள்ளவில்லை, பத்திர எழுத்தரை அழைத்து முறைப்படி ஆவணமாக்கினார்கள். மற்றைத் தரப்பாராகிய புனிதர் இறந்து பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழிந்திருந்தன! நகரத்தார் தங்கள் பங்கை நிறைவேற்றச் சற்றுக் காலம் கடத்தினார்கள் என்பது வேறு. 1608இல் பணி தொடங்கி, 1646இல் சிற்றாலயம் முடிந்தது. அதன் சுவர் ஓவியங்களை வரைந்துகொண்டிருந்த டொமெனிக்கினோ பணி முடியுமுன்னே 1641இல் அங்கேயே இறந்தார். தலைமைக் கோயிலை ஒட்டி இருந்தும் அந்தச் சிற்றாலயமும் அதன் செல்வமும் திருச்சபைக்கு உரியவை அல்ல, நகரத்துக்கு உரியவை. நகரத்தின் பேராளர் குழு ஒன்று இன்றும் அதைப் பேணி வருகிறது.

இனி என் துறைக்கு வருகிறேன். சில கூழ்க்களிகள் அசையாதிருக்கும்போது இறுகும், குலுக்கினால் இளகும், மீண்டும் அசையாது விட்டால் இறுகும். இப்பண்புக்குத் திக்சோட்ராப்பி என்று பெயர். இரும்பு ஆக்சைடுக் களியிலே இதனை ஷாலெக், செக்வாரி என்னும் இருவர் 1923இல் கண்டறிந்தனர். 1991இல் கார்லாஸ்கெல்லி முதலான இத்தாலிய அறிவியலார் மூவர், ‘நேச்சர்’ இதழிலே, இடைக்காலத்திலும் கிடைத்திருக்கக்கூடிய பொருள்களைக் கொண்டே இத்தகைய களியைச் செய்து காட்டினர். பெர்ரிக் குளோரைடு, சுண்ணாம்புக்கல், சோற்றுப்பு, நீர் – இவ்வளவே. பெர்ரிக் குளோரைடு எரிமலை வாய்களிலே இயற்கையாகவும் படிவதுண்டு. வெசூவியஸ் பக்கத்திலேயே இருக்கிறது. வெறும் வெப்பத்தால் உருகுகிறது என்னும் பழைய விளக்கத்தைவிட இது பொருத்தமானது. வெயிற்காலத்திலும் உருகுகிறது, டிசம்பர்க் குளிரிலும் உருகுகிறது அல்லவா? எங்கள் ஆய்வுக்கூடத்திலே முதல் இரு முறையும் உப்பை மிகுதியாகப் போட்டுவிட்டேன். எல்லாம் அடியில் வண்டலாய்ப் படிந்தது. மூன்றாம் முறைதான் நீங்கள் கண்ட களி.

என் பிழை இதுதான். ‘இவ்வாறு செய்ய முடியும்’ என்பதே அம்மூவர் கூற்று. நானோ ‘இவ்வாறுதான் செய்திருக்கிறார்கள்’ என்று மேடையிலே கூறிவிட்டேன். அந்தக் குப்பி இதுவரை திறக்கப்படவில்லை. 1902இலும் 1989இலும் கண்ணாடியின் ஊடே ஒளியைச் செலுத்தி நிறமாலை பார்த்தவர்கள் ஹீமோகுளோபின் இருப்பதாகக் கூறினர். பழங்கண்ணாடியின் ஊடே பார்த்த பார்வை அவ்வளவு உறுதியானதா என்று மற்றவர்கள் கேட்டனர். திருச்சபையும் இதனை அற்புதம் என்று முறையாக அறிவித்ததில்லை. வியத்தகு நிகழ்ச்சி என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. திருச்சபையே காட்டும் நிதானத்தை நான் காட்டவில்லை.

குருதி உருகாவிட்டால் கேடு வரும் என்ற நம்பிக்கை மட்டும் என்னால் ஏற்க இயலாதது. 1939, 1940, 1943ஆம் ஆண்டுகளில் போர் என்பர். 1973இல் காலரா என்பர். 1980இல் நிலநடுக்கம் என்பர். பொருந்தியவற்றை எண்ணிப் பொருந்தாதவற்றை மறப்பது மனத்தின் இயல்பு. 2016 டிசம்பரிலும் உருகவில்லை. அதன்பின் நகரத்துக்கு வந்த பெருங்கேட்டை எவரும் சுட்டிக் காட்டக் காணேன். 1799இல் நடந்தது இன்னும் வேடிக்கை. பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தபோது குருதி உருகிவிட்டது. புனிதர் புரட்சிக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அரசர் கட்சியார் சினந்தனர்; படை விரட்டப்பட்டதும் அவரை விலக்கிப் பதுவை அந்தோணியாரைக் காவலராக்கினர். சில ஆண்டுகளில் பழையவரே திரும்ப வந்தார். உறவினரை எத்தனை நாள் ஒதுக்கி வைக்க முடியும்?

தூத்துக்குடித் தம்பியின் வினாவுக்கு விடை எனக்கு நேப்பிள்ஸிலே கிடைக்கவில்லை, நியூயார்க்கிலே கிடைத்தது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த நேப்பிள்ஸ் மக்கள் 1926 செப்டம்பரில் அங்கே மல்பெரித் தெருவிலே இத்திருநாளைத் தொடங்கினார்கள். ஒரு நாள் விழா பின்னாளில் பதினொரு நாளாக வளர்ந்தது. சிலையைச் சுமந்து வருவார்கள்; அதன் பட்டுநாடாக்களிலே டாலர்த் தாள்களைக் குத்துவார்கள்; தெருவெல்லாம் பொரித்த பலகாரங்களும் மிளகாய் சேர்த்த இறைச்சியும். ஆனால் குப்பி அங்கே இல்லை. உருகுவதற்கு ஒன்றுமே இல்லை. விளக்குவதற்கு என்னைப் போன்றவனுக்கும் அங்கே வேலை இல்லை. ஆயினும் விழா நடக்கிறது. விடுதிப் பின்கட்டிலே செங்கல் அடுக்கி, கடன் வாங்கிய அலுமினியப் பாத்திரத்திலே நாம் வைக்கும் பொங்கலுக்கு ஏது புதிர்நெல், ஏது வயல்?

இதைத் தம்பியிடம் கூறினேன். “அப்படியானால் ஆச்சிமாரிடம் ஒன்றும் சொல்லவேண்டாமா, அண்ணே?” என்றார். கேட்டால் சொல்லலாம், முடியும் என்ற அளவில் சொல்லலாம் என்றேன். அவர் அரைமனத்தோடு தலையசைத்தார். வரும் செப்டம்பர்க் கூட்டத்திலே களியைச் செய்து காட்டும் பொறுப்பை அவரே ஏற்றிருக்கிறார். தாமும் செய்துபார்க்க விரும்புவோர் என்னிடம் செய்முறை கேட்கலாம். சோற்றுப்பு மட்டும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.