அயல்நாட்டு மோட்டார் வண்டியும் நம் நாட்டுத் தரவிதியும்

மொழிநூலார் வகுத்த விதிகளுள் அயற்சொல்லை ஏற்கும் விதியும் ஒன்று. வடசொல் தமிழில் வந்து வழங்கவேண்டுமாயின், தமிழுக்கு உரியதல்லாத எழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்று வருதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. அவர் அயற்சொல்லை வாராதே என்று தடுத்தாரல்லர். நம் நாவுக்கும் செவிக்கும் இசைந்து வருக என்றார். பங்கஜம் பங்கயம் ஆனதும், ரிஷி இருடி ஆனதும் இம்முறை பற்றியே. சொல்லுக்கு அமைந்த இந்நெறி பொருளுக்கும் ஒக்கும். கடல் கடந்து வரும் மோட்டார் வண்டி நம் சாலையில் ஓடுதற்கு நம் நாடு விதிக்கும் தரவிதிகளை ஆராயின் இவ்வுண்மை புலனாகும். அவ்விதிகள் யாவை, அவற்றின் காரணம் யாது, நாமக்கல் வட்டாரத்தார்க்கு அவற்றால் விளையும் கடமை யாது என்னும் மூன்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அயல்நாட்டு ஊர்தி நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களுக்குச் சுங்கம் கொண்டு, சோழனது புலிப்பொறியை இட்டு வைத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. கடல்வழி வந்த குதிரைகளையும் அந்நூல் குறிக்கின்றது. பிற்காலத்தே, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டிய நாட்டைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் பெரும்பொருள் ஈந்து அயல்நாட்டுக் குதிரைகளை வாங்கினர் என்றும், அவற்றைப் பேணும் முறை அறிந்தார் இன்மையால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலன மடிந்தன என்றும் கூறுகின்றார். இதனால் அறியத்தகுவது யாது? சுங்கம் செலுத்திய பொருள் நாட்டுக்குள் வந்த பொருளாகும்; நாட்டுக்குப் பொருந்திய பொருளாகிவிடாது. சுங்கம் அரசின் கருவூலத்தை நோக்கியது. தரவிதியோ குடிகளின் உயிரை நோக்கியது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார் பலர். மயங்காது பிரித்துணர்தல் இக்கட்டுரையின் முதற்படி.

மோட்டார் வண்டி நம் நாட்டில் பரவிய தொடக்க காலத்தில் வண்டி முழுமையாகவோ உறுப்புகளாகவோ கப்பலில் வந்தது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பம்பாயில் உறுப்புகளை இணைத்து வண்டியாக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினர். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை இணைத்தது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்தோடு கூடி 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர்பெற்றது. அக்காலத்தார் வண்டியைக் குறித்துக் கேட்டவை, ஓடுமா, பாரம் தாங்குமா என்னும் இரண்டே. மோதினால் உள்ளிருப்பார் பிழைப்பரா என்னும் மூன்றாம் வினா நெடுநாள் எழவில்லை. அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூல் அவ்வினாவை ஊரறிய எழுப்பியது. அடுத்த ஆண்டே, 1966இல், அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

அதன்பின் உலகில் இருவகை முறைகள் நிலைத்தன. அமெரிக்க முறையில், தன் வண்டி தரவிதிக்கு அமைந்தது என்று செய்தவனே சான்று கூறுவான். பொய்யாயின் அரசு அவனைப் பிடிக்கும். ஐரோப்பிய முறையில், விற்பதற்கு முன்பே ஒரு மாதிரி வண்டியை அரசு ஏற்ற சோதனைச்சாலையில் ஆராய்ந்து ஒப்புதல் தருவர். முன்னது தேர்வு எழுதியபின் திருத்துவது போல்வது; பின்னது தேர்வில் வென்ற பின்னரே வகுப்பேற்றுவது போல்வது. இந்தியா பின்னதைக் கொண்டது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 1989இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகளுள் 126ஆம் விதி இம்மாதிரி ஒப்புதலைக் கூறும். பூனாவிலுள்ள வாகன ஆராய்ச்சிச் சங்கம், சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள ஆராய்ச்சி மையம் முதலியன இச்சோதனைகளைச் செய்வன.

இனி, இறக்குமதியாகும் காருக்கு நம் அரசு கூறும் கட்டளைகளைக் காண்போம். புதிய காராயின், ஸ்டியரிங் சக்கரம் வலப்புறம் அமைதல் வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்டுதல் வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி இடப்புறம் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். பழைய காராயின், செய்து 3 ஆண்டுகளுக்கு மேற்படாததாயும், இறக்கிய நாள்முதல் இன்னும் 5 ஆண்டேனும் சாலைக்கு உதவுவதாயும் இருத்தல் வேண்டும். அதனை மும்பைத் துறைமுகம் ஒன்றின் வழியே இறக்குதல் வேண்டும்.

இவற்றுள் முகப்பு விளக்கைப் பற்றிய கட்டளை சிறிதெனத் தோன்றலாம். அதன் காரணத்தை ஆராய்வோர் வியப்பர். தாழ்த்திய விளக்கொளி இருபுறமும் ஒத்து விழுவதன்று. சாலையோரத்து நடப்பாரும் மைல்கல்லும் தெரியும்பொருட்டு ஓரப்பக்கத்தில் ஒளி சற்று உயர்ந்தும், எதிர்வருவார் கண் கூசாதபடி நடுப்பக்கத்தில் தாழ்ந்தும் விழும். வலப்புறம் செல்லும் நாட்டுக்கெனச் செய்த விளக்கை நம் சாலையில் ஏற்றினால், உயர்ந்த ஒளி எதிரே வருவார் கண்ணில் பாயும். ஓரத்தில் நடக்கும் ஏழையோ இருளில் மறைவான். வண்டி குறையற்றது, விளக்கும் குறையற்றது, நாடு மாறியதே குறை. ஸ்வீடன் நாட்டார் 1967 செப்டம்பர் 3ஆம் நாள் இடப்புறப் போக்கை விட்டு வலப்புறத்துக்கு மாறியபோது, வண்டிகளின் முகப்பு விளக்குகளையும் மாற்ற நேர்ந்தது இக்காரணத்தாலேயே. இலங்கையில் ஜப்பானியப் பழைய கார்கள் எளிதில் பொருந்தியதற்கும் இரு நாட்டாரும் இடப்புறமே செல்வது ஒரு காரணமாகும்.

அயல்நாட்டார் நன்கு ஆராய்ந்து ஒப்பிய வண்டியை நாமும் முதலிலிருந்து ஆராய்தல் வீண்செலவன்றோ என்று வினவுவாரும் உளர். அவ்வினா முற்றும் தவறன்று. ஆகவே 2018இல் அரசு விதியைத் தளர்த்தி, ஐரோப்பா, ஜப்பான் முதலியவற்றின் தரவிதிக்கு அமைந்த வலப்புற ஸ்டியரிங் கார்களை, தயாரிப்பாளர் ஆண்டொன்றுக்கு 2,500 வரை இங்கே மீண்டும் சோதியாமலே இறக்க இசைவு தந்தது.

நிற்க. அயல்நாட்டு வண்டிக்கு விதி கூறும் நாம், நம் வண்டியை யாங்ஙனம் நடத்தினோம்? 2014 ஜனவரியில், இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை ஓர் உலகப் பாதுகாப்பு அமைப்பு மோதச்செய்து ஆராய்ந்தது. ஐந்தும் ஒரு விண்மீனும் பெறவில்லை. அவற்றுள் அயல்நாட்டுப் பெயர் பூண்டனவும் இருந்தன. காற்றுப்பை இல்லாதபோது தோற்ற ஒரு கார், இரு காற்றுப்பைகளுடன் சோதித்தபோது நான்கு விண்மீன் பெற்றது. தோல்விக்குக் காரணம் அறிவின்மை அன்று. விதியின்மையே என்பது இதனால் விளங்கும். பின்னர் விதி வந்தது. 2017 அக்டோபர் முதல் புதிய மாதிரிகளுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் மோதற்சோதனை கட்டாயமாயிற்று. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறமும், 50 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டிலும் மோதல் நிகழும். 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் என்னும் திட்டத்தில் முன்மோதல் வேகம் 64 கிலோமீட்டர். எட்டுக் கிலோமீட்டர் மிகுதி சிறிதன்றோ எனின், அன்று. மோதும் ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதாகலின், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிகுதியாகும். இத்திட்டம் கட்டாயமன்று, வாங்குவார் அறிந்து தேர்தற்பொருட்டு அமைந்தது.

இனி நாமக்கல்லுக்கு வருவாம். சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒருநாள் நிற்பார், இந்நாட்டின் வாணிகம் முழுதும் லாரியேறிச் செல்வதாக எண்ணுவர். நாமக்கல் மலைக்கோட்டையைச் சூழ்ந்த ஊரில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் மலிந்துள்ளன. தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சக்கரமும் முகப்பும் மட்டுமே கொண்டு வெற்றுச் சேசிஸாக வரும் வண்டி, இங்கே தச்சர், கொல்லர், வெல்டர், பெயிண்டர் ஆகியோர் கையில் உருப்பெற்று லாரியாகிப் புறப்படுகின்றது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் இவ்வாறே.

இப்பட்டறைக்கும் கப்பலில் வரும் காருக்கும் உள்ள தொடர்பு யாது? அதுவே இங்குக் கருதத்தக்கது. கார் தன் முன்பகுதியை நசுங்கக் கொடுத்து உள்ளிருப்பாரைக் காக்கும்படி அமைந்தது. சோதனைச்சாலையில் அது மோதுவது தன் உயரத்துக்கு ஒத்த தடுப்பின்மீது. நம் நெடுஞ்சாலையில் இரவில் அது மோதுவதோ, விளக்கின்றி நிற்கும் லாரியின் பின்புறத்தின்மீது. லாரியின் தளம் காரின் முகப்பினும் உயர்ந்தது. ஆகவே கார் அதன்கீழ் நுழைந்துவிடும். நசுங்கவேண்டிய முன்பகுதி நசுங்காது. தளத்தின் விளிம்பு கண்ணாடியையும் அதன்பின் இருப்பார் தலையையும் தாக்கும். ஐந்து விண்மீன் பெற்ற காரும் அங்கே பயன்படாது. இதனைத் தடுப்பது லாரியின் பின்னே முழங்காலளவு உயரத்தில் குறுக்காகப் பொருத்தும் வலிய இரும்புத் தடுப்பொன்றே. அத்தடுப்பைச் சட்டம் வேண்டுகின்றது. அதனைத் தக்க உறுதியுடன் பொருத்துவதோ, போலியாக ஒரு தகட்டை ஒட்டிவிடுவதோ பட்டறையின் மனச்சான்றைப் பொறுத்தது. ஆகவே ஜெர்மனியில் உருவான காரில் செல்வோர் உயிரும் நாமக்கல் வெல்டரின் கையில் இருக்கின்றது என்றல் மிகையாகாது. பாதுகாப்பு என்பது ஒரு வண்டியின் தனிக்குணமன்று. சாலையில் உடன்செல்லும் வண்டிகள் அனைத்துக்கும் பொதுவான குணம்.

லாரிப் பாடிக்கும் பஸ் பாடிக்கும் இப்போது தனித்தனித் தரவிதிகள் உள. 2025 முதல் செய்யப்படும் நடுத்தர, பெரிய லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனமும் வேண்டும் என அரசு விதித்தது. வேனிலில் கொதிக்கும் அறையில் இரவுபகலாக ஓட்டுவான் ஒருவன் கண்ணயர்ந்தால் விளைவது யாது என்பதை நம் வட்டாரத்தார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் விதிகள் பெருகுந்தோறும் சிறுபட்டறைக்காரர் நெஞ்சு நடுங்குகின்றது. வரைபடம் வேண்டும், சோதனை வேண்டும், சான்று வேண்டும் என்னுமிடத்துப் பெருநிறுவனம் தாங்கும். பத்துப்பேரை வைத்து நடத்துபவர் தாங்குவது அரிது. இவ்வச்சத்தை இகழ்தல் அறமன்று. தந்தையிடம் கற்ற கைத்திறனே அவர்தம் முதல்.

எனினும் விதியைத் தளர்த்துவது இதற்கு மருந்தாகாது. பட்டறைக்காரர் சங்கமாகக் கூடி, பொதுவான சில வரைபடங்களுக்கு ஒருமுறை ஒப்புதல் பெற்று, அவற்றை அனைவரும் கையாளலாம். இவ்வட்டாரத்துப் பொறியியற் கல்லூரிகளின் ஆசிரியரும் மாணவரும் கணக்கையும் வரைபடத்தையும் செய்து உதவலாம். தமிழ் பயில்வோராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. இத்தரவிதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. அவற்றைப் பட்டறைத் தொழிலாளி படித்துணரும் எளிய தமிழில், அவர் வழங்கும் சொற்களாலேயே எழுதித் தருதல் நம்மால் இயலாததன்று. தான் கட்டும் தடுப்பு எதற்கு என்று அறிந்தவன் அதனை ஒட்டுத்தகடாகச் செய்யான்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என மத்திய அரசின் கணக்குக் கூறுகின்றது. அவருட் பெரும்பாலோர் அயல்நாட்டுக் காரை ஏறிட்டும் பாராதவர். நடந்தும் இருசக்கர வண்டியிலும் சென்றவர் மிகப்பலர். அவரெல்லார் பொருட்டும் எழுந்ததே தரவிதி. கடல் கடந்து வந்த வண்டியை நோக்கி, இச்சாலையில் நீ உயிரைக் காப்பாயா என்று கேட்பது நேர்மை. அதே வினாவை நம் தெருவில் பிறந்த வண்டியை நோக்கியும் கேட்பது அதனினும் பெரிய நேர்மை. அயற்சொல்லுக்கு விதி வகுத்த இலக்கணம் தமிழ்ச்சொல்லை விதியின்றி விட்டுவிடவில்லை. எழுத்தும் சொல்லும் புணர்ச்சியும் வரையறுத்த பின்னரே அயற்சொல்லைப் பற்றிப் பேசியது. நாமும் அம்முறையைக் கைக்கொள்வோமாக.